மயங்கியவர்களிடம் மட்டும் சொன்னது

ஊரில் பாதிப் பேருடைய வயிறு டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவளுடைய இடது கட்டைவிரல் படும் பாடு மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை அப்படி. வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி குழாயின் பிடியை இடது கையில் ஏந்தி, அதிலுள்ள சக்கரத்தைக் கட்டைவிரலால் திருப்ப வேண்டும். வலது கை குழாயை உள்ளே தள்ளும். குடல் நெளிகிற பக்கமெல்லாம் குழாயின் முனையும் நெளிய வேண்டுமென்றால், எல்லாம் அந்த ஒற்றை விரலின் தயவு. பிடியைச் செய்த புண்ணியவான் தன் கையை அளவு வைத்துச் செய்திருப்பான் போல. டாக்டரம்மாவுக்கோ சின்னக் கை. எட்டாத சக்கரத்தை எட்டி எட்டித் திருப்பியே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டாள். இப்போது விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுண்டி இழுக்கிறது. பின்னல் போட முடியாமல் முடியை வெட்டிக்கொண்டாள். "ஸ்டைலா இருக்கு மேடம்" என்றார்கள். சிரித்து வைத்தாள்.

என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? வேறு யாராவது இந்தக் கையோடு வந்திருந்தால், "ஆறு வாரம் கைக்கு ஓய்வு குடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பாள். தனக்கென்று வரும்போது அந்த ஆறு வாரம் பூதமாக நின்றது. கல்யாணப் பேச்சை முதலில் அவள் தள்ளிப்போட்டாள். பிறகு பேச்செடுக்கவே ஆளில்லாமல் போனது. வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம்தான் துணை. ஆஸ்பத்திரியிலாவது "மேடம், மேடம்" என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். அதையும் விட்டுவிட்டு அந்த நாலு சுவருக்குள் என்ன செய்வது?

ஒருநாள் ஃபோனில் அக்காவிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "கை கொஞ்சம் வலிக்குதுக்கா."

"உனக்கென்னடி, ஏசி ரூம்ல நின்னு குழாயத் திருகுற. நான் இங்க மூட்டு வலியோட மாடி ஏறி இறங்குறேன்" என்று அக்கா தன் முழங்காலைப் பற்றி விரிவாகப் பேச ஆரம்பித்தாள். அந்த முழங்காலுக்கு மருந்து சொல்லிவிட்டு டாக்டரம்மா ஃபோனை வைத்தாள்.

அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. பரிசோதனை முடிந்ததும் நர்ஸ் குழாயைக் கழுவ எடுத்துப் போவார். டாக்டரம்மா நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பாள். பரிசோதனைக்குக் கொடுக்கும் மயக்க மருந்துக்கு ஒரு குணம் உண்டு. கண் பாதி திறந்திருக்கும், ஏதாவது கேட்டால் "ம்" என்பார்கள், எழுந்த பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது. அவர்களிடம் சொன்னாள்.

"ராத்திரி திரும்பிப் படுத்தா உயிர் போகுதுங்க."

"ம்."

"பாட்டில் மூடியத் திறக்க முடியலங்க."

"ம்."

அக்காவுக்கு இவர்கள் எவ்வளவோ மேல்.

அன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மலத்தில் ரத்தம் போகிறதென்று வந்திருந்தார். "உள்ள சில்லறை ஏதும் கிடைச்சா எனக்குத்தான் டாக்டர்" என்று ஜோக்கடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தார். குழாயை வெளியே இழுத்து வரும்போது குடலில் ஒரு மடிப்பு வந்தது. அதன் பின்பக்கம் பார்க்கச் சக்கரத்தை முழுசாகத் திருப்ப வேண்டும். விரல் பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றாள். கண்ணில் நீர் முட்டியது. ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த மடிப்புக்கு வந்தாள்.

நர்ஸ் வெளியே போனதும் அவர் காதருகே குனிந்தாள். "ஒரு மடிப்புக்குப் பின்னாடி பாக்கவே முடியலங்க. விரல் வர மாட்டேங்குது. ஒண்ணும் இருக்காது, இல்ல?"

"ம்" என்றார் கண்டக்டர்.

ரத்தத்துக்கு மூல வியாதிதான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதி எடுத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து அவர் கட்டிலுக்குப் போனாள். நர்ஸ் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் காலையில் இருந்த குறும்பு இல்லை.

"உங்க விரல் எப்படி இருக்கு டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு மயக்க மருந்து சீக்கிரம் ஏறாது. பல்லு புடுங்கினப்பவும் இதே கதைதான்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. அந்த மடிப்புக்குப் பின்னாடி பாக்காமலே விட்டுட்டீங்களா?"

அவர் கேட்டதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மயக்கத்தில் ஏதோ காதில் விழுந்திருக்கும் என்று சொன்னால் நம்பிவிடுவார். பொய் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனுஷன் முதலில் அவள் விரலைப் பற்றிக் கேட்டிருந்தார். தன் குடலைப் பற்றிப் பிறகுதான் கேட்டார்.

"பாக்கலைங்க" என்றாள். நர்ஸ் பக்கம் திரும்பினாள். "அடுத்த ரூம்ல இருக்கிற சின்ன டாக்டரக் கூப்பிடுங்க. இவருக்கு இன்னொரு தடவ பாக்கணும். எனக்குக் கை வரல."

நர்ஸ் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும் மேடம். எங்க எல்லாருக்குமே தெரியும். முகத்திலயே தெரியுதே. நீங்களா சொல்லாதப்ப எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டோம்."

தெரியுமாம். எல்லாருக்கும் தெரியுமாம்! ஒளித்துவைக்க அவள் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூட வாய் திறந்து கேட்கவில்லை. கையைவிட அதுதான் வலித்தது.

சின்ன டாக்டர் நீளமான விரல்களால் சக்கரத்தை அலட்டிக்கொள்ளாமல் திருப்பினார். மடிப்புக்குப் பின்னால் கடலை அளவில் ஒரு கட்டி இருந்தது. அவர் அதை வெட்டி எடுக்கும்வரை டாக்டரம்மா கண்டக்டரின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். மனிதர் குறட்டையே விட்டார்.

சின்ன டாக்டர் போன பிறகு நர்ஸ் குழாயைக் கழுவக் கிளம்பாமல் பக்கத்தில் வந்து நின்றார். "எந்த இடத்துல மேடம் வலிக்குது?"

ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. டாக்டரம்மா கண்டக்டரைப் பார்த்தாள். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். எதிரே நர்ஸ் விழித்த கண்ணோடு பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை அவரிடம் நீட்டினாள்.

"இங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது. வீட்டுக்குப் போகவும் பயமா இருக்கு."