மே மாதத்துச் சிவப்பு

செயற்கைக்கோள் படத்தில் பச்சை சிவப்பாகத் தெரியும். இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இலைகள் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு எட்டாத ஒரு பகுதி இருக்கிறது. அதைக் காட்ட ஏதாவது ஒரு நிறம் வேண்டுமே என்று சிவப்பைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். வயல் சிவப்பு, தோப்பு சிவப்பு. மே மாத வெயிலில் சுற்றுவட்டாரமே காய்ந்து வெளிறிக் கிடக்கும்போது ஓரிடம் மட்டும் சிவப்பாக இருந்தால், அங்கே வேருக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்று பொருள். பூமிக்கடியில் பாறை பிளந்திருக்கும் இடங்கள் அதே படத்தில் மெல்லிய நேர்கோடுகளாகத் தெரியும். கோடும் சிவப்பும் சேருகிற இடத்தைக் கண்டுபிடித்து, இங்கே போர் போடலாம் என்று புள்ளி வைப்பது என் வேலை. 2012 வாக்கில் ஒரு குடிநீர்த் திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்தேன்.

எங்கள் பொறியாளருக்கு என் வரைபடங்கள் மேல் கொள்ளைப் பிரியம். படிக்க மாட்டார், கூட்டங்களுக்குக் கொண்டுபோவார். அந்தக் கோடையில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஒரகடம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அவரே புள்ளி வைத்துவிட்டார். படத்தில் எது பளிச்சென்று சிவப்போ அதன் மேல் பேனாவை ஊன்றியிருக்கிறார், அவ்வளவுதான். நான் திரும்பி வந்தபோது உத்தரவு போயாகிவிட்டது. திருச்செங்கோட்டுப் போர் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த ஊருக்கு அந்த வருடம் ஒரே ஒரு போர்தான். அது பொய்த்தால் ஊர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்; அடுத்த கோடைக்குத்தான் பேச்சு.

புள்ளியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ இடித்தது. அவ்வளவு அடர்ந்த சிவப்பு, அதுவும் ஓரங்கள் வெட்டினாற்போல் நேராக. அதன் அருகில் எந்தக் கோடும் போகவில்லை. நேரில் பார்க்காமல் விடக்கூடாது என்று டிரைவரையும் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன்.

முதலில் ஊருக்குள் போனோம். தண்ணீர் வண்டி வரும் முனையில் குடங்கள் வரிசையாக நின்றன, ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிச் சீருடையில் ஓர் இளம்பெண் மட்டும் வெயிலிலேயே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லைனில் வேலை. வீட்டில் கைக்குழந்தையும் நடமாட முடியாத மாமியாரும். நான் யாரென்று விசாரித்துவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

"தண்ணி வண்டி வர்ற டைமும் கம்பெனி பஸ் வர்ற டைமும் ஒண்ணு மேடம். ரெண்டுல ஒண்ணத்தான் புடிக்க முடியும். இன்னொரு வாட்டி லீவு போட்டா கார்டை வாங்கிக்கிட்டு அனுப்பிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அன்றும் பஸ் போய்விட்டது. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. போர் எப்போது போடுவீர்கள் என்று மட்டும் கேட்டாள். இந்த வாரம் என்றேன். தண்ணீர் வருமா என்றாள். வரும் என்று சொல்ல வாய் எழவில்லை. பார்க்கலாம் என்று பூசி மெழுகிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பொறியாளரின் புள்ளி ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. கேட் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே புல்வெளி, பட்டுக் கம்பளம் மாதிரி. சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். செக்யூரிட்டி உடுப்பிலிருந்த தெற்கத்திப் பையன், நான் வாய் திறக்குமுன்பே பெருமையாகச் சொன்னான்: "லாரித் தண்ணிதான் மேடம். ஓயாம வந்துட்டேல்லா இருக்கு. இல்லன்னா இந்த வெயிலுக்குப் புல்லு நிக்குமா?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு, அடியிலிருந்து ஊறிய தண்ணீரும் லாரியில் வந்து ஊற்றிய தண்ணீரும் ஒன்றுதான். அந்தச் சுவரோரம் தோண்டியிருந்தால் புழுதிதான் மிஞ்சியிருக்கும். காலி லாரி ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னாலேயே போகச் சொன்னேன்.

லாரி அதே கிராமத்துக்கு வந்து, ஊருக்குக் கிழக்கே ஒரு வயல் கிணற்றருகில் நின்றது. கிணற்றின் சொந்தக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய், கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தரிசும்தான் மீதி. பயிர் வைத்தால் கட்டுப்படியாகாது, லாரிக்குத் தண்ணீர் விட்டுத்தான் குடும்பம் நடந்தது. மகன் வேலை கேட்டுக் கம்பெனி கம்பெனியாக அலைந்துகொண்டிருந்தான்.

நான் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அவர் கண் என் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியின் மேலேயே இருந்தது. நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த வட்டாரத்தில் கருவியும் கையுமாக வந்தவர்கள் யாரும் வந்த காரணத்தை உள்ளபடி சொன்னதில்லை. அளப்பார்கள், போவார்கள், பிறகு நோட்டீஸ் வரும். வற்றாத கிணறு உள்ள நிலத்துக்கு விலை கூட. இது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"இது வத்துனதே கெடையாதும்மா," என்றார். "மே மாசத்துல மோட்டார் வுட்டாலும் கொட்டும். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். என் படத்தில் அந்தக் கிணற்றின் மேலாகத்தான் ஒரு கோடு போனது. கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே கோட்டின் மேல், ஊர்ப் புறம்போக்கு கொஞ்சம் இருந்தது. அங்கே இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, மின்சாரம் செலுத்திச் சோதித்தோம். கருவி காட்டியது ஈரக் களிமண்ணுக்கும் பொருந்தும், தண்ணீர் உள்ள பாறைக்கும் பொருந்தும். இரண்டில் எது என்று அது சொல்லாது. அவருடைய வார்த்தை இருந்ததால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

பொறியாளர் முதலில் முறுக்கிக்கொண்டார். தன் புள்ளி புல்வெளியில் விழுந்த கதையைக் கேட்டதும் முகம் சிறுத்துப்போனது. உங்கள் கோடுகளையெல்லாம் என்னால் மேலிடத்தில் விளக்க முடியாது, வேறென்ன ஆதாரம் என்றார். பக்கத்தில் வற்றாத கிணறு இருக்கிறது, உரிமையாளரே சொன்னார் என்றேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. புள்ளி மாறியது.

போர் வண்டி வந்த காலையில் ஊரே புறம்போக்கில் கூடிவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தினார்கள். வண்டியைச் சமமாக நிறுத்திக்கொண்டிருந்தபோது கிணற்றுக்காரர் வேகமாக வந்தார். யாரோ சொல்லித்தான், வந்திருப்பது நில அளவை அல்ல, ஊர் போர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னை ஜீப்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யிம்மா. கெணறு வத்திடும். வருசாவருசம் வத்துது. நெலம் எடுக்க வந்துகீறீங்கன்னு நெனச்சு வெலைக்காகச் சொல்லிட்டேன். இங்க தோண்டாதே, தண்ணி வராது. ஊரு பாவத்த கொட்டிக்காதே."

வற்றும் என்றால் லாரி எப்படி வருகிறது என்றேன். அடியில் கிடந்ததை லாரிக்காரன் உறிஞ்சிக்கொண்டு போகிறான், இன்னும் நாலு நாள் தாங்கினால் அதிகம் என்றார்.

பொறியாளருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க கையெழுத்துலதான்மா புள்ளி மாறியிருக்கு, நீங்களே பார்த்துக்குங்க," என்று கை கழுவினார். போர் வண்டியின் ரிக்காரர், ஓட்டலாமா என்று சைகையில் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று நானும் சைகை காட்டினேன். கூட்டத்தில் சீருடைப் பெண்ணும் குழந்தையோடு நின்றிருந்தாள். அவளுக்கு ஷிப்ட் இருந்திருக்கும், வந்திருக்கிறாள். அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

ஜீப்புக்குள் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். அந்தப் பகுதியின் பழைய படங்கள் அதில் இருந்தன. தொழிற்சாலைச் சுவர் எழுவதற்கு முந்தைய ஒரு மே மாதத்தைத் தேடி எடுத்தேன். புல்வெளி இருந்த இடம் வெறும் பொட்டல். கிணற்றைச் சுற்றி மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு இருந்தது. அப்போது அவர் கோடையில் பயிர் வைத்திருக்கிறார். அந்தச் சிவப்பு அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தது. ஆனால் அது லாரிகள் வருவதற்கு முந்தைய படம். அதற்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சப்பட்டிருக்கும் என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லாது.

அந்த மனிதர் ஒரே கிணற்றைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லிவிட்டார். முதல் பேச்சில் அவருக்கு லாபம் இருந்தது, அருகில் போர் விழுந்தால் கிணறு இறங்கும் என்பதால் இரண்டாம் பேச்சிலும் இருந்தது. ஆகவே இரண்டையும் தள்ளி வைத்தேன். மிஞ்சியது கோடும் பழைய சிவப்பும்தான். தண்ணீர் வந்தால் அவர் கிணறு போகும், வராவிட்டால் ஊரின் ஒரே வாய்ப்பு போகும். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவர் அடிபடப் போகிறார், அதை நான் செய்யப் போகிறேன். அந்த நிமிடத்தில் அந்த வேலையையே வெறுத்தேன். பிறகு இறங்கி, ஓட்டுங்கள் என்றேன்.

கிணற்றுக்காரர் கிணற்றுப் பக்கம் போனார். அங்கே ஒரு லாரி நின்றது. மோட்டார் ஓடும் சத்தம், ரிக் சத்தத்தின் ஊடே விட்டுவிட்டுக் கேட்டது.

மேல்மண் போயிற்று, களிமண் போயிற்று. பிறகு கருங்கல். புழுதி கிளம்பி எல்லோர் தலையிலும் வெள்ளையாகப் படிந்தது. துளையிடும் ராடு இறங்க இறங்கப் புழுதி காய்ந்தபடியே வந்தது. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு குவியல் என்று கல்தூளை வரிசையாகக் கொட்டினார்கள். குனிந்து குனிந்து அள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாம்பல், மாவு மாதிரி காய்ந்த தூள். கூட்டத்தில் பேச்சு குறைந்தது. ஒரு கிழவர், அப்பவே கெணத்துக்காரன் சொன்னானாமே என்று என் காதுபடச் சொன்னார். சீருடைப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். தொண்டை வறண்டுவிட்டது, யாரிடமும் குடிக்கத் தண்ணீர் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ரிக்காரர், இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குத்தான் அனுமதி இருக்கிறது, நிறுத்தவா என்றார். விட்டுப் பாருங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, கையாலும் காட்டினேன்.

அடுத்த ராடில் தூளின் நிறம் மாறியது. சாம்பலில் துருப்பிடித்த மஞ்சள் கலந்தது. கையில் அள்ளினேன், பிசுபிசுவென்று ஒட்டியது. பிளந்த பாறையில் தண்ணீர் ஓடிய தடம் அது. நான் நிமிர்வதற்குள் குழாய் வாயிலிருந்து சேறு பீறிட்டது, அப்புறம் தண்ணீர். ஊர் கத்திய கத்தலில் ரிக் சத்தம் அமுங்கிவிட்டது. அந்தப் பெண் நனைந்துகொண்டே நின்றாள். நான் ஜீப்பில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

கம்ப்ரசர் ஊத ஊதத் தண்ணீர் தெளியத் தொடங்கியது. பெண்கள் குடங்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது கிணற்றுக்காரர் திரும்பி வந்தார். கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிட்டது, மட்டம் இறங்குகிறது என்றார். சண்டைக்கு வரவில்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு குடங்களையே பார்த்தார்.

"என் கெணறு எறங்கும்னு படத்துல தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்கய்யா."

"தெரிஞ்சுதான் காட்டினியா?"

"ஆமாம்."

பிறகு அவர், அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்கே தோண்டியிருப்பீர்கள் என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் பேச்சு இல்லாவிட்டால் பொறியாளர் புள்ளியை மாற்றியிருக்க மாட்டார், தொழிற்சாலைச் சுவரோரம்தான் என்றேன்.

"அங்க தண்ணி வந்திருக்குமா?"

"வந்திருக்காது."

அவர் கிணற்றுக்கு நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். லாரிக்காரன் இறங்கி வந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான். அவர் அவனுக்கு முதுகைக் காட்டி, குடங்கள் நிறையும் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். லாரி பாதித் தண்ணீரோடு கிளம்பிப் போனது.