அக்காவின் இடது கை

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கியிருந்த சமயம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் விடியற்காலையில் ஒரு குழு உடற்பயிற்சி செய்யும். சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதால் நானும் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். புது இடத்தில் எனக்கு வாய் வராது.

அந்த நேரத்தில் பூங்காவே கனவு மாதிரி இருக்கும். விளக்குகள் அணைந்திருக்காது. மரங்களுக்கு நடுவே புகை போலப் பனி நிற்கும். எங்கோ முன்னால் பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர் எண்ணிச் சொல்வது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கும். அவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு முன்னால் நின்ற ஓர் அக்காவின் முதுகுதான். ஊதா நிற ஸ்வெட்டர், தலையைச் சுற்றி ஸ்கார்ஃப். அவர் குனிந்தால் குனிவேன், திரும்பினால் திரும்புவேன். பாதித் தூக்கத்தில் அவருடைய நிழல் மாதிரி அசைந்துகொண்டிருப்பேன். அதில் ஒரு சுகம் இருந்தது.

அவர் கை தூக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வலது கை நேராக மேலே போய்விடும். இடது கை தோள் உயரத்தில் நின்றுவிடும். பிறகு, கண்ணுக்குத் தெரியாத சுவரில் பல்லி ஏறுவது போல, விரல்கள் மட்டும் மெல்ல மேலே ஊர்ந்து போகும். காது வரை போனதும் பல்லிடுக்கில் 'உஸ்' என்று ஒரு மூச்சு. அப்புறம் கை இறங்கும். ஏதோ நுணுக்கமான மூச்சுப் பயிற்சி என்று நினைத்து, வீட்டில் கண்ணாடி முன் நின்றுகூடப் பழகினேன். அந்த 'உஸ்' சரியாக வரத்தான் நாளானது. எனக்குப் பின்னால் புதிதாக இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்தும் 'உஸ்' கேட்டது.

ஒரு நாள் மழை பெய்து முன்பக்கம் சேறாகிவிட்டது. மாஸ்டர் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, "எல்லாரும் இப்படித் திரும்புங்க" என்றார். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. அக்கா எங்களுக்குப் பின்னால். மாஸ்டர் இரண்டு கைகளையும் நேராக உயர்த்துவதை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் என் கை பழகியபடியே போனது. அந்தப் பெண்களின் கைகளும் அப்படியே. மூன்று இடது கைகள் ஒன்றாக ஊர்ந்து ஏறி, ஒன்றாக 'உஸ்' என்றன. யாரோ சிரித்தார்கள்.

"இன்னாம்மே, என் கை உங்களுக்கு நக்கலாப் போச்சா?"

திரும்பினேன். அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில மார்புல ஆபரேஷன் ஆனவங்கம்மா அவங்க" என்றார் மாஸ்டர். "கை மேல போகாது. சும்மா விட்டா இறுகிடும்னு, சுவத்துல விரலை ஏத்திப் பழகச் சொல்லியிருக்காங்க. அதைத்தான் இங்கே வந்து செய்யறாங்க. நீங்க எதுக்கும்மா அப்படிப் பண்ணீங்க?"

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. அந்த ஊதா ஸ்வெட்டர் இல்லாத இடத்தில் பனி மட்டும் நின்றது. என்னால் ஒரு கை இறுகிக்கொண்டிருக்கிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மாஸ்டரிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். அக்கா பால் பாக்கெட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா, வீட்டாண்டயே வந்து பண்ணிக் காட்டப் போறியா?"

யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஓடிப்போயின. வேறு வழி தெரியாமல் வாசல் சுவரில் இடது கையை வைத்து விரல்களை ஏற்றினேன். தோள், கழுத்து, காது. 'உஸ்' என்று மூச்சும் விட்டேன்.

"இப்படித்தான் செய்யணும்னு நினைச்சேன்க்கா. உங்க முதுகைத் தவிர எனக்கு அங்க யாரையும் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். "அது சரி, அந்த உஸ் எதுக்கு?"

"நீங்க விடுவீங்களே..."

"அடிப்பாவி! அது வலி தாங்காம விட்டது! அதையுமா பழகிக்கினே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் பாக்கெட் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் பூங்காவுக்கு வந்தார். ஆனால் பழைய இடத்தில் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் போய் நின்றார். "கையை நல்லா மேல தூக்கு. உன்னைப் பார்த்துக்கினே நானும் தூக்குறேன்" என்றார்.

யாராவது பார்த்தாலே கூசிப்போகிறவள் நான். ஆனால் அன்று, பனிக்குள் எனக்குப் பின்னால் ஒரு கை என்னைப் பார்த்து மெல்ல ஏறி வருகிறது என்று தெரிந்தபோது, என் கையை முடிந்த மட்டும் உயர்த்தினேன். நாம் செய்வதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு முன்பெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அதுவே துணையாக இருக்கிறது.