அழைப்புமணியில் பெயர் எழுதாத தியோலிண்டா

எங்கள் கட்டிடத்து வாசலில் எட்டு அழைப்புமணிகள் இருக்கின்றன. ஏழில் பெயர் இருக்கும். எட்டாவதில், இரண்டாம் மாடி இடப்பக்கத்து மணியில், முன்பெல்லாம் வெறும் வெள்ளைக் காகிதம்தான். வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். திரைச்சீலைக்குப் பின்னால் தோனா தியோலிண்டா (தோனா என்பது போர்த்துகீசியத்தில் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை) நின்றுகொண்டு, மணியடிப்பவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான், எதற்கு இளிக்கிறான் என்று பார்த்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும். சில சமயம் திறக்காது.

பழைய தபால்காரருக்கு இது பழகிப்போன விஷயம். வெள்ளைக் காகிதம் என்றால் தியோலிண்டா. அவர் ஓய்வு பெற்றதும் வந்த புதுத் தபால்காரர், "பேர் எழுதி ஒட்டினா எனக்கு உதவியா இருக்கும்மா" என்றார், பாவம்.

"உனக்கு உதவியா இருக்கும். எனக்கு?" என்று கேட்டு அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

லக்சம்பர்க்கின் தெற்கில், பழைய இரும்பாலைகள் இருந்த ஊர் எங்களுடையது. போர்த்துகலிலிருந்து வந்தவர்கள் பாதிக்குப் பாதி, நானும்தான். நான் பஸ் ஓட்டுகிறேன். தியோலிண்டா ஆரம்பப் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறாள். கணவர் பெல்மீரோ கொத்தனார். இந்த ஊரில் அவர் பூசாத சுவர் குறைவு. மனுஷன் யார் எது சொன்னாலும் நம்புவார். அவருக்கும் சேர்த்து இவள் சந்தேகப்பட்டாள். கறிக்கடையில் எடை போட்டதை இன்னொரு தடவை போடச் சொல்வாள். இலவசமாக எது கொடுத்தாலும் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்ப்பாள். காலண்டர் கொடுத்தாலும் அப்படித்தான். பெல்மீரோ இறந்தபோது பூங்கொத்தோடு வந்தவர்களைக்கூட, எங்கிருந்து வருகிறார்கள், யார் அனுப்பினார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவள் சமையலறையில் தனியாக நின்று அழுததைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். போர்த்துகலில் சர்வாதிகாரம் நடந்த காலத்தில், கூலி உயர்வு கேட்டு எழுதிய தாளில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த வாரமே தொப்பி வைத்த ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்களாம். அப்பாவுக்கு அதன் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் வேலை கொடுக்கவில்லை. "பேர் எங்கே எழுதியிருக்கோ அங்கே வந்து நிப்பாங்க, எர்மினியோ" என்றாள்.

அவள் முழுசாக நம்பிய ஒரே இடம் ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த தோட்டத்துண்டு. நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பெல்மீரோவும் அவளும் பல வருடம் காத்திருந்து வாங்கிய இடம் அது. அங்கே அவள் எங்கள் போர்த்துகல் கோஸ் வளர்க்கிறாள். அது உருண்டையாகச் சுருளாத கோஸ். அடி இலையைப் பறிக்கப் பறிக்கத் தண்டு மேலே போய்க்கொண்டே இருக்கும், ஆளை மிஞ்சி வளரும். இலையை நூல் நூலாக நறுக்கி உருளைக்கிழங்கு சூப்பில் போட்டு, மேலே இரண்டு துண்டு காரத் தொத்திறைச்சி போட்டால், குளிர்காலத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டாம். தியோலிண்டாவின் கோஸ்தான் அந்த வரிசையிலேயே உயரம்.

வினை அங்கேதான் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் நகராட்சி தோட்டங்களுக்குப் புது விதி போட்டது. பக்கத்துத் தோட்டத்துக்கு நிழல் விழாதபடி எந்தச் செடியும் இடுப்புயரத்தைத் தாண்டக்கூடாது. கம்பில் ஏறும் பீன்ஸுக்கு மட்டும் விலக்கு. கம்பில் பீன்ஸ் ஏற்றுகிறவர்கள் யார்? லக்சம்பர்க்காரர்கள். உயரக் கோஸ் வளர்ப்பவர்கள் யார்? நாங்கள். விதியில் யார் பெயரும் இல்லை, எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் எச்சரிக்கைத் தாள் தியோலிண்டாவின் தோட்டக் கதவில்தான் தொங்கியது. இலையுதிர் காலத்தில் வந்து அளப்பார்கள். வெட்டாமல் வைத்திருந்தால் இடம் போய்விடும்.

"பக்கத்துக்காரன் பீன்ஸ் விழுத்தற நிழல் நிழல் இல்லையா? அது என்ன, வெளிச்சமா?" என்று அவள் கத்தியது ரயில் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

நான் ஒரு புகார் எழுதினேன். ஐரோப்பாவில் எந்த நாட்டிலிருந்து வந்து எந்த நாட்டில் குடியிருந்தாலும் உள்ளூர்க்காரனைப் போலவே நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பீன்ஸுக்கு ஒரு நியாயம், கோஸுக்கு ஒரு நியாயமா என்று கேட்டிருந்தேன். தோட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தியோலிண்டா மட்டும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"தோனா, எச்சரிக்கை வந்தது உங்களுக்கு. நீங்க போடாம இந்தப் புகார் எப்படி நிக்கும்?"

"நிக்கலைன்னா உக்காரட்டும். என் பேரு வேண்டாம்."

அந்த நேரத்தில்தான் சில்வானா வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த போர்த்துகல் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூனில் வந்த நகராட்சித் தேர்தலில் நின்றாள். "கோஸும் பீன்ஸும் ஒண்ணுதான். ஜெயிச்சா முதல் வேலையா விதியை மாத்தறேன்" என்று தோட்டத்து நடுவில் நின்று சொன்னாள். அப்படியானால் புகாரை இப்போதைக்குப் பையில் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

நகராட்சித் தேர்தலில், இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாத நாங்களும் ஓட்டுப் போடலாம். முன்பு ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். நேற்று வந்தவனும் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிந்துவிட்டால் கட்டாயம் போட வேண்டும், போகாவிட்டால் அபராதம். இங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அத்தனை வருடம் இருந்தும் தியோலிண்டா பதிந்ததே இல்லை. நான் விளக்கியதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இவ்வளவு அகலமாக் கதவைத் திறந்து வச்சிருக்கான்னா உள்ளே என்னவோ இருக்கு. உரிமைங்கறான், வரலைன்னா அபராதம்ங்கறான். எந்த ஊர்லடா உரிமைக்கு அபராதம்?"

"தோனா, சில்வானா ஜெயிச்சா உங்க கோஸ் பிழைக்கும். தோத்தா இலையுதிர் காலத்துல அரிவாள். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

மூன்றாம் நாள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் பஸ்ஸில் ஏறி, நகர்மன்றத்தில் இறங்கினாள். அங்கே முகப்பு மேசையில் இருந்த கிம் என்ற பெண், இவள் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் அங்கே படித்தவள். "தோனா, நீங்களா!" என்று எழுந்துவிட்டாளாம். பதிவு முடிந்ததும், "என் பேரை யார் யார் பாப்பாங்க?" என்று கிம்மை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தாள்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, அவள் வருடக்கணக்காகத் துடைத்த அதே பள்ளிக்கூடத்தில். சாவடியில் உட்கார்ந்து உதவவும் பிறகு எண்ணவும் கூப்பிட்டிருந்தவர்களில் நானும் ஒருவன். சீட்டில் கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்திருந்தேன். தியோலிண்டா வந்தாள். எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக ஓட்டுப்பெட்டிப் பக்கம் போய்க் குனிந்து அடியைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, அங்க என்ன தேடறீங்க?" என்றார் சாவடிக்குத் தலைமை தாங்கிய வக்கீல்.

"துடைப்பம் வைக்கிற இடம். இன்னொரு பெட்டி வைக்கவும் இடம் இருக்கு. அதான் பார்த்தேன்."

மறைப்புக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. சீட்டில் பெயர்களுக்கு நேரே குறி போட இவ்வளவு நேரமா என்று வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு வெற்றிக் களை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் எண்ணத் தொடங்கினோம். நான் பிரித்த ஒரு சீட்டில் சில்வானாவின் பெயருக்கு எதிரே இரண்டு குறிகள், அழுத்தமாக. ஒரு வேட்பாளருக்கு அதற்கு மேல் போட முடியாது. கீழே, பேனாவைக் குத்திக் குத்தி, தியோலிண்டா மொரெய்ரா தெலெஸ் என்று முழுப்பெயர். அதன் கீழே இரண்டாம் மாடி, இடப்பக்கம். என் கை அப்படியே நின்றுவிட்டது. மணியில் ஒரு எழுத்துக்கூட எழுதாதவள் இங்கே விலாசத்தோடு எழுதியிருக்கிறாள்!

வக்கீல் வாங்கிப் பார்த்தார். "அடையாளம் இருக்கு. செல்லாது" என்று தனியாக வைத்தார். அவர் சொன்னது விதி.

சில்வானா தோற்றுவிட்டாள். நூலிழையில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தால் வந்திருப்பாள். மறுநாள் காலை தியோலிண்டா தோட்டத்தில் எனக்காகக் காத்திருந்தாள். கையில் அரிவாள் இருந்தது. இன்னும் எதையும் வெட்டியிருக்கவில்லை.

"மாத்திட்டாங்க" என்றாள். "எல்லார் சீட்டையும் மாத்திட்டாங்க. என்னுதை மட்டும் மாத்தியிருக்க முடியாது. நான் விடுவேனா?"

"என்ன பண்ணினீங்க, தோனா?" என்று கேட்டேன்.

"பேரு போட்டேன். விலாசமும் போட்டேன். மாத்தி வச்சா கேக்கலாம்ல, என் சீட்டு எங்கேன்னு?" என்றவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "நீ அங்கதானே உக்காந்திருந்தே. கண்ணுல பட்டிருக்குமே. ஏன் முழிக்கறே? நீயும் அவங்களோட சேர்ந்துட்டியா?"

சுருக்கென்றது. அவள் எல்லோரையும் பார்க்கும் பார்வையை முதல் தடவையாக என் மேல் வைத்தாள்.

"யார் சீட்டைப் பத்தியும் நான் பேசக்கூடாது. விதியை மட்டும் சொல்றேன். அது வெளியிலயே ஒட்டியிருக்கு. ஓட்டுச்சீட்டுல பேரு எழுதினா அது செல்லாது."

"ஏன்?"

"யார் யாருக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சுடும்ல. அது தெரியவே கூடாது."

"நகராட்சித் தலைவருக்கும்?"

"தெரியக்கூடாது."

"போலீஸுக்கு?"

"யாருக்குமே, தோனா."

அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கோஸ்தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுசு பூரா எங்கேயும் பேரு எழுதலை" என்றாள் கடைசியில். "எழுதக்கூடாதுன்னு எனக்காகவே விதி போட்டு வச்சிருக்கான். அந்த ஒரே இடத்துல போய் எழுதியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எங்கப்பாவுக்கு அப்படி ஒரு தாள் கிடைச்சிருந்தா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

பக்கத்துத் தோட்டத்தில் பீன்ஸ்கொடி கம்பின் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

"அந்தப் புகார்த் தாளு எங்கே?"

"பையில இருக்கு."

"அதுல பேரு போட்டா செல்லுமா?"

"அதுல போட்டாத்தான் செல்லும்."

இந்த முறை அவள் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. வாளியின் மேல் தாளை வைத்து, சீட்டில் எழுதிய அதே எழுத்தில், பேனாவைக் குத்திக் குத்தி எழுதினாள். எழுதி முடித்ததும் தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். யாரும் வரவில்லை.

"பதில் எப்படி வரும்?"

"தபால்ல. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தருக்கும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு நான் வந்தபோது அவள் வாசலில் பசை டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக் காகிதம் போய், எட்டாவது மணியில் தியோலிண்டா மொரெய்ரா தெலெஸ் என்று இருந்தது. கட்டிடத்திலேயே பெரிய எழுத்து அதுதான்.

அளக்க வரவேண்டிய நேரத்தில் ஆளுக்குப் பதில் கடிதம் வந்தது. உணவுக்காக வளர்க்கும் எந்தச் செடிக்கும் உயர விதி கிடையாது என்று மாற்றியிருந்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. புதுத் தபால்காரர் எட்டாவது மணியை அடித்தார். அவள் மாடியிலிருந்து இறங்கியே வந்து உறையை வாங்கினாள். வாங்கியும் பிரிக்கவில்லை. உறையின் மேல் அச்சடித்திருந்த தன் பெயரை விரலால் தடவிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"பிரிச்சுப் படிங்க, தோனா. நல்ல சேதிதான்."

"இரு" என்றாள். "என் பேரைத் தேடிட்டு ஒருத்தன் வந்து, நல்ல சேதி குடுத்துட்டுப் போறான். கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."