பேரீச்ச மரத்துக்குள் மெல்லுகிற சத்தம்

ஓமானில் தோட்டத்துக் குழாயைத் திறந்தால் முதலில் வெந்நீர்தான் வரும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் அது. அதை அப்படியே செடிக்கு விட்டால் வேர் அவிந்துபோகும். ஆகவே, முதலாளியின் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, குழாயை மணலில் போட்டு, சூடு தணியும்வரை பக்கத்துப் பேரீச்ச மரத்தில் சாய்ந்து நிற்பேன். ஊரில் இருக்கும் உங்களிடம், செடிக்கு ஊற்றத் தண்ணீரை ஆறவைக்கிறோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். போன கோடையில் ஒருநாள் அப்படிச் சாய்ந்து நின்றபோது, என் காதுக்கு நேராக மரத்துக்குள் ஏதோ மென்றது. பச்சரிசியை வாயில் போட்டுக்கொண்டு ஒருவர் அவசரமில்லாமல் மெல்வாரே, அந்தச் சத்தம். குழாய்த் தண்ணீர் குளிர்ந்துவிட்டது. எனக்கோ உடம்பெல்லாம் வேர்த்தது.

ஏன் பயந்தேன் என்பதற்கு விருத்தாசலத்துக்கு வர வேண்டும். செராமிக் பட்டறைகளை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பின்பக்கம் இரண்டு தென்னை மரங்கள். அவற்றில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்துதான் என் மனைவி பர்வீன், பட்டறையிலிருந்து வருகிற, சூளையில் வைக்காத பச்சைப் பொம்மைகளுக்கு ஓரம் சுரண்டித் தருவாள். சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம் நான் இங்கிருந்து அவளைக் கூப்பிட்டேன். போன் உள்ளே சார்ஜில் இருந்தது. எழுந்துபோய் எடுத்தாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அடுத்து என் காதில் விழுந்தது மரம் முறிகிற சத்தம். பிறகு ஓடு நொறுங்குகிற சத்தம். பிறகு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பாலைவனத்து ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன். ஒருவழியாக அவளே கூப்பிட்டாள். "ஏங்க, நான் இருக்கறன். நான் ஒக்காந்திருந்த எடத்துலதாங்க மரம் கெடக்குது" என்றாள். காற்றே இல்லை. உள்ளே கூன்வண்டுப் புழு தின்று தின்று மரத்தைக் கூடாக்கி வைத்திருந்தது. மேலே இளநீர்க் குலைகூட வாடவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வண்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். போனில் பார்த்ததும் கண்டவரிடமெல்லாம் கேட்டதும்தான் என் படிப்பு. செம்மண் நிறம், நீண்டு வளைந்த மூக்கு. மரத்தில் வெட்டுக்காயம் எங்கே இருக்கிறதோ அங்கே முட்டையிடும். புழு உள்ளேயே வளரும். அடிமரத்தில் ஓட்டை, அதில் மென்று துப்பிய நார், பழுப்பாக வடிகிற நீர், புளித்த வாடை. இவ்வளவுதான் வெளியில் தெரிகிற அடையாளம். சத்தம் கேட்ட அன்று பேரீச்ச மரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் ஓட்டை, நார், வாடை, எல்லாம் இருந்தன. அந்த மரத்தடியில்தான் தினமும் சாயங்காலம் முதலாளி பாய் விரித்து, பிள்ளைகளோடு காவா என்கிற அரபுக் காப்பி குடிப்பார். அவருடைய தகப்பனார் நட்ட மரம்.

பக்கத்து வீட்டில் தோட்ட வேலை பார்க்கும் கோவிந்தன், திட்டக்குடி பக்கத்து மங்களூர்க்காரர். அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் சுவரோரம் போய் நிற்பேன். அன்று விஷயத்தைச் சொன்னதும் அவரும் பயமுறுத்தினார். "பாய், தண்ணி ஊத்துனமா, வண்டி கழுவுனமான்னு இருங்க. மரம் உழுந்தா மரந்தான் போவும். நீங்க வாயத் தொறந்தா நீங்க போவீங்க."

வெளியே வந்து பிழைப்பவர்களுக்கு இது புரியும். விசா முதலாளி கையில் இருக்கிறது. அவர் அப்பா நட்ட மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். சின்னப் பெண் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிஸ்கட் தின்றாள். புழு மெல்லும் இடத்துக்கு நேராக அவள் தலை. என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. "அர்பாப், மரீத்" என்றேன். முதலாளி, நோய் என்று அர்த்தம். காதைக் காட்டினேன், மரத்தைக் காட்டினேன், மெல்லுவதுபோல் வாயை அசைத்தேன். முதலாளி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெயிலில் எனக்குக் காதுக்குள் சத்தம் கேட்கிறது என்று புரிந்துகொண்டார். "நாளைக்கு ஆஸ்பத்திரி போ, இன்று படு" என்றார். வேறு வழியில்லாமல் வண்டியிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது புளித்த வாடையோடு ஒரு வெள்ளைப் புழு, கட்டைவிரல் பருமன், நெளிந்து விழுந்தது. முதலாளி பிள்ளைகளை எழுப்பி, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். என்னை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

காலையில் வந்து, மருந்து ஊசி போட ஆளைக் கூப்பிடவா என்று கேட்டார். காய் பிடித்திருந்த நேரம். பிள்ளைகள் பறித்துத் தின்னும் பழம். விஷம் வேண்டாம் என்றேன். அழுகிய இடத்தை உளியால் நல்ல சதை தெரியும்வரை சுரண்டி, புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். காயத்தில் வேப்பெண்ணெய் தடவி, களிமண் அப்பினேன். மண் பிசைய எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மட்டை இடுக்குகளில் வேப்பம்புண்ணாக்கையும் மணலையும் கலந்து போட்டேன். வண்டைப் பிடிக்க வாளியில் துளை போட்டு, பேரீச்சம்பழம் ஊறிய தண்ணீர் ஊற்றி, வண்டை வரவழைக்கும் வாசனைப் பையைக் கட்டி, மரத்தடியிலேயே வைத்தேன். கோவிந்தன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாய், வண்டுக்கு விருந்து வெச்சி, இந்த மரத்து வாசல்லயே பந்தலும் போட்டுட்டீங்களே! ஊர்ல இருக்கற வண்டெல்லாம் இங்கதான் வரும். தூரமா வைங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு மரமே இல்லாத கோடி மூலைக்கு ஓடினேன். விடிந்து பார்த்தால் அதில் வண்டுகள் மிதந்தன. அவை எல்லாம் இந்த மரத்துக்கு வந்திருந்தால்?

அதன்பிறகு ஒரு புதுப் பயம் பிடித்தது. முன்பு என்னை நம்பாத முதலாளி இப்போது அளவுக்கு மேல் நம்பினார். "சத்தம் இல்லை என்று நீ சொன்னால்தான் பிள்ளைகள் அங்கே உட்காருவார்கள்" என்று சொல்லிவிட்டார். தினமும் காது வைத்தேன். சில நாள் ஒன்றுமில்லை. சில நாள் ஏதோ இருந்தது. காற்றா, எறும்பா, என் நாடித் துடிப்பா? உட்காரலாம் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. அப்படியே லீவு வந்தது, ஊருக்கு வந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் பையைக்கூட அவிழ்க்கவில்லை. மிச்சமிருக்கும் தென்னையில் வலது காதை வைத்தேன். தெருவில் போன பட்டறைப் பெண்கள், "என்னா பாய், பொண்டாட்டிகிட்ட பேசாத ரகசியத்த மரத்துகிட்ட பேசறீங்க?" என்று சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து போன் முனகியது. முதலாளியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். இடது காதில் வைத்தேன். முதலில் பேச்சே இல்லை. போனைப் பேரீச்ச மரத்தில் ஒட்டிவைத்துப் பதிந்திருக்கிறார். கரகரவென்று ஏதோ ஒன்று. கடைசியில், சின்னக் குரலில், "உட்காரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பின்னால் பர்வீன் பொம்மைத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, சத்தம் கேக்குதா?"

"கேக்குற மாதிரி இருக்குது."

"எந்த மரத்துல?"

எனக்குத் தெரியவில்லை. மெசேஜைத் திரும்பப் போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு காதையும் இன்னும் அழுத்தினேன். அங்கே சுருட்டிய பாயோடு ஒருவர், இங்கே பொம்மைத் தட்டோடு இவள். இரண்டு நிழலிலும் யாரும் உட்காராமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.