அஞ்சலினாவின் பேய்

பள்ளிக்கூடக் காலத்திலேயே புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விட்டவள் அஞ்சலினா. நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கிறாள். அங்கே தங்கியவர் யாரோ விட்டுப்போன பேய்க்காதல் நாவல் ஒன்று அவள் கைக்கு வந்தது. அதன்பிறகு பஸ்ஸிலும் குசினி அடுப்படியிலும் பேயும் கையுமாகத்தான் இருந்தாள்.

கணவர் இக்னேசியஸுக்குத் துறைமுகத்தில் வேலை. குடி இல்லை, அடி இல்லை, பேச்சும் இல்லை. சாப்பிடும்போதும் கண் போனில்தான். குறை சொல்ல ஏலாத மனிதர் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, கூட இருப்பது அவளல்லவா.

ஒருநாள் அவர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “செத்தவனைப் போய் ஒருத்தி விரும்புவாளோ?”

அஞ்சலினா புத்தகத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. “அவன் ஒவ்வொரு நாளும் வந்து, இண்டைக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறான். அவள் சொல்லி முடிக்குமட்டும் இருந்து கேக்கிறான்.”

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர், போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இண்டைக்கு என்ன நடந்தது?”

அஞ்சலினா யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருடமும் யாரும் கேட்காததால், சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் காத்திருந்தார்.

“அந்தச் செத்தவன் இருக்கிறானெல்லே,” என்று தொடங்கினாள்.