நீருக்கு மேலே நின்ற கொம்பு

பள்ளத்தாக்கை நீர் மூடத் தொடங்கிய ஆண்டில் எனக்கு எட்டு வயது. கீழே ஓடிய ஆற்றை அணைகட்டி மறித்திருந்தார்கள். ஆற்றோரத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளாய் இருந்த எங்கள் லயத்தைக் காலிசெய்து, மேட்டு லயத்துக்கு முன்னரே குடியேறிவிட்டோம். பானை சட்டி, ஆடு, கோழி, அம்மன் படம் எல்லாம் எங்களோடு வந்து சேர்ந்தன. வராமற்போனவன் என் அண்ணன் ஒருவனே. நான் பிறக்குமுன், நடைபழகும் வயதில் காய்ச்சல் கண்டு இறந்த அவனைப் பழைய லயத்தின் பின்னால் நின்ற உயர்ந்த டர்பன்டைன் மரத்தடியில் புதைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் அவன் இறந்த நாளில் அம்மா அங்கே சென்று பால் ஊற்றிவிட்டு வருவாள்.

அவ்வாண்டு அந்த நாள் நெருங்கியபோது மரத்தின் உச்சிக்கொம்பு மட்டுமே நீருக்கு மேலே தெரிந்தது. மழை பெய்யப் பெய்ய அதுவும் குறுகிக்கொண்டு வந்தது. அது மறைந்துவிட்டால், அண்ணன் கிடக்கும் இடம் இன்னதென்று எவராலும் காட்ட இயலாது.

நீர்மட்டம் பார்க்கும் வேலையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒடுங்கிய தோணி ஒன்றை வைத்திருந்தார். முன்னும் பின்னும் இருவர் அமர்ந்து துடுப்பிட்டால்தான் அது சொன்னபடி கேட்கும். மகன் கிடக்கும் நீரைப் பார்க்க மனமில்லாமல் அப்பா கரைக்கு வரவே மறுத்துவிட்டார். அம்மாவோ முழங்காலளவு ஓடையைக்கூட யாரேனும் கையைப் பிடித்தால்தான் கடப்பாள். ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கரையில் வந்து நின்றாள். துணி அலசிய பெண்கள் சும்மா விடவில்லை.

“என்னாடி, கொழுந்த விட்டுப்புட்டு மீனு புடிக்கக் கெளம்பிட்டியா?”

அம்மா தோணியை நோக்கி நடந்தாள். தோணியில் அமர்ந்தவள், அது நகர்ந்ததும் கரைப்பக்கமாகச் சாய்ந்தாள். சரிவில் நின்று கொழுந்தெடுப்போர் எவரும் அதைத்தான் செய்வர். கால் வழுக்கினால் மலைமீது சாய்ந்துகொள்வது அவர்கள் உடம்பில் ஊறிய பழக்கம். தோணி கவிழ்ந்தது. இடுப்பளவு நீரிலிருந்து இருமிக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, இது மலை இல்லக்கா! சாஞ்சா தாங்குறதுக்கு இங்க என்னா இருக்கு? நடுவுல நிமுந்து குந்து.”

“பேசாம இன்னொருக்கா ஏத்துடா.”

மறுபடியும் கவிழ்ந்தாள். அதன்பின் மாமாவே வேண்டுமென்று கவிழ்த்துவிட்டார். விழுந்தாலும் தோணியைப் பற்றிக்கொண்டு மிதக்கலாம் என்று அறிந்த பிறகே அவளது முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. மாலைதோறும் வேலை முடிந்ததும் பழகினாள். அடுப்பருகே அகப்பையைத் துடுப்பாகப் பிடித்து இடமும் வலமும் வீசிப் பார்த்தபோது நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

குறித்த நாளில், “அண்ணன இவளும் பாக்கட்டும்” என்று என்னையும் நடுவில் இருத்திக்கொண்டாள். பாதி வழியில் பனிமூட்டம் கரையை மறைத்தது. காற்று எழுந்து தோணி ஆடியது. முன்னே துடுப்பிட்ட அம்மாவைப் பிடித்துக்கொண்டு நான் அலறினேன். அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

“அசையாத பாப்பா. மூச்ச நல்லா இழுத்து வுடு.”

அவளும் அவ்வாறே செய்வது எனக்குக் கேட்டது.

கொம்பு ஒரு முழ உயரமே எஞ்சியிருந்தது. அதை ஒரு கையால் பற்றியபடி, மறுகையால் செம்பிலிருந்த பாலை ஊற்றினாள். வெண்மை சற்றே சுழன்று கரைந்தது. “போவோமாக்கா?” என்று மாமா மெல்லக் கேட்டும், பற்றிய கொம்பை அவள் நெடுநேரம் விடவில்லை.

அவ்வாரமே பெருமழை பெய்தது. கொம்பு மறைந்தது.

மறு ஆண்டு அதே நாளில் மாமா தோணியைக் கரையில் நிறுத்தி அழைத்தார். கொம்பு நின்ற இடம் தெரியாமல் எங்கும் ஒரே மட்டமாய்க் கிடந்த நீர்ப்பரப்பை அம்மா வெகுநேரம் பார்த்தாள். பின் கரையிலேயே பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி நடந்தாள். தோணியில் போகப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருந்த எனக்கோ அழுகை வந்துவிட்டது.

“ஏம்மா, போறதுக்குப் பயமா?”

“ஆமாடி, பயந்தான்.”

அவ்வளவு பாடுபட்டுப் பழகியதை ஓராண்டுக்குள் மறந்துவிட்டாளே என்று அவள் பின்னே நடந்தபடி நான் எண்ணிக்கொண்டேன்.