டோக்கன் வாங்காத வெள்ளையம்மாள்

நாகலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பேர் பதிகிறவள் ஆன்மேரி. பதினோரு வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. கெட்டவள் என்று யார் சொன்னாலும் ஒப்ப முடியாது. எஸ்டேட் பெண்கள் ஒரு மணி பஸ்ஸை விட்டால் மழையில் நடக்கணுமே என்று அவளுக்குத்தான் உறுத்தும். கம்ப்யூட்டரோ ஒரு பேருக்கு அரை நிமிஷம் சுற்றும்.

“ஏனுங்க, உங்க பொட்டிக்கும் காய்ச்சலுங்களா?” என்று வரிசையில் சிரிப்பார்கள்.

ஒண்டிக்கடை முக்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜெப்சனைக் கூப்பிட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான்:

“டிஸ்க்குல எழுதி முடிச்சப்புறந்தான் ‘பதிஞ்சாச்சு’ன்னு காட்டுதுங்கக்கா, அதான் லேட்டு. மாத்திவிட்டா உடனே காட்டும். ஆனா எழுதறது அரை மணிக்கு ஒருக்கா, மொத்தமாத்தான். நடுவுல கரண்டு போனா அத்தனையும் போச்சு. பேட்டரி வேற செத்துக் கெடக்குது.”

“போனா, பேரும் நோவும் எழுதின டோக்கன் சீட்டைப் பார்த்து மறுபடி அடிச்சுக்கறேன். நீ மாத்து கண்ணு.”

வரிசை ஓடியது. எல்லாரும் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

ஐப்பசி மழையில் வெள்ளையம்மாள் வந்தாள். நோவு அவளுக்கில்லை, அதனால் டோக்கன் வாங்காமல் நேரே ஜன்னலுக்கு வந்து, சேலத்து டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள்.

“புண்ணுக்குப் போட்ட ஊசி எங்க ஊட்டுக்காரரைக் கொல்லப் பார்த்துருச்சுங்க. இனிப் போடவே கூடாதாம். பதிஞ்சு வெச்சுருங்க.”

ஆன்மேரி அவள் புருஷன் சின்னையன் பேரை எடுத்து அடித்தாள். பதிந்தாச்சு என்று வந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “கவலைய விடுங்கக்கா. டாக்டர் கண்ணுல மொதல்ல இதுதான் படும்.”

பத்து நிமிஷத்தில் கரண்டு போனது. திரும்ப வந்தபோது கடைசியாக அடித்தது ஒன்றையும் காணோம். டோக்கன் சீட்டுகளை அடுக்கி வைத்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். சீட்டு தீர்ந்ததும் வேலை தீர்ந்தது என்று எழுந்துவிட்டாள். டோக்கன் இல்லாமல் வந்தவள் நினைப்பிலேயே இல்லை.

கார்த்திகையில் சின்னையனை, காலில் அரிவாள் வெட்டு சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றக் கொண்டுவந்தார்கள். புதிய டாக்டர் திரையைப் பார்த்தார்; ஒன்றுமில்லை. ஊசி எடுத்தார். வெள்ளையம்மாள் பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை. அதான் பதிந்திருக்கிறதே, பார்த்துத்தானே போடுவார்கள்.

சின்னையன் அந்தக் கட்டிலை விட்டு உயிரோடு இறங்கவில்லை.

கரண்டு செய்த வேலை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆன்மேரி அதை ஏற்கவில்லை. எட்டாம் நாள் வெள்ளையம்மாள் வீட்டுக்கே போனாள்.

“கரண்டு போனா அழியும்னு தெரிஞ்சேதான், வரிசை ஓடட்டும்னு கம்ப்யூட்டர மாத்தி வெக்கச் சொன்னேன். நீங்க பதியச் சொன்னது அழிஞ்சு போச்சு. நான் தேடலீங்கக்கா.”

 வெள்ளையம்மாள் கேட்டாள்:

“அப்ப, நான் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லீருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?”